ஆறு மணிக்கு மேல் டிரினிட்டி

டப்ளினுக்கு வரும் நம்மூர்க்காரர்கள் தவறாமல் கேட்பது இதுதான்: "டிரினிட்டி காலேஜ் பாக்கணும், எத்தனை மணிக்குப் போனா நல்லது?" ஆறு மணிக்கு மேல் போங்கள் என்பேன். கெல்ஸ் நூல் காட்சியை அதற்குள் மூடியிருப்பார்களே என்று இணையத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கேட்பார்கள். மூடித்தான் இருப்பார்கள்.

கெல்ஸ் நூலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏறக்குறைய 800ஆம் ஆண்டில் துறவிகள் கன்றுத்தோலில் எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்தி நூல் அது. ஒரே ஒரு எழுத்தைச் சுற்றிப் பக்கம் முழுக்க வளைத்துப் பின்னியிருப்பார்கள். அந்தப் பின்னலுக்குள் உற்றுப் பார்த்தால் பூனையும் எலியும் உட்கார்ந்திருக்கும். கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது பகல் நேர டிரினிட்டி. மாலையில் அதே வாசல் வழியாக வேறு ஒரு கூட்டம் உள்ளே போகும். அந்தக் கூட்டத்தில் பல மாலைகள் நானும் இருந்திருக்கிறேன். ஒரு காசு கொடுத்ததில்லை.

நான் இலக்கியம் படித்தவள் இல்லை. பி.காம். கால்வாய்ப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். வேலை முடிந்து நடந்தால் கால்மணி நேரத்தில் டிரினிட்டி. முதலில் போனது குளிருக்கு ஒதுங்கத்தான். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில், சூடான அறையும் இலவசப் பேச்சும் சேர்ந்து கிடைத்தால் யார் விடுவார்கள்?

வளாகத்தில் இதற்கென்று இரண்டு இடங்கள். ஒன்று, 1970களின் கடைசியில் கட்டிய ஆர்ட்ஸ் பில்டிங். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கான்கிரீட். டப்ளினில் பாதிப் பேர் அதைத் திட்டுவார்கள், நானும் அந்தப் பாதியில்தான். உள்ளே எட்மண்ட் பர்க் பெயரில் ஒரு அரங்கு, ராபர்ட் எம்மெட் பெயரில் ஒரு அரங்கு. இன்னொரு இடம் லாங் ரூம் ஹப். 2010இல் திறந்த, பழைய நூலகத்தின் பக்கத்தில் ஒடுங்கி நிற்கும் ஒல்லியான கட்டடம். கலை, மானுடப் புலங்களுக்கான ஆய்வு நிலையம் அது. அதன் சின்ன அரங்கில் வரலாறு, மொழிபெயர்ப்பு, இசை, தத்துவம், சட்டம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். 'தலைப்புச் செய்திகளுக்குப் பின்னால்' என்ற பொருளில் ஒரு தொடர் நடத்துகிறார்கள். அன்றாடச் செய்தியில் அடிபடும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு வெவ்வேறு துறைக்காரர்கள் ஆளுக்குச் சில நிமிடம் பேசுவார்கள், பிறகு கேள்வி நேரம். வரலாற்றுப் பேராசிரியரும் சட்டக்காரரும் ஒரே விஷயத்தை வேறு வேறு திசையிலிருந்து இழுக்கும்போது, செய்தித்தாளில் படித்தபோது நேராகத் தெரிந்தது கோணலாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்குப் பிடித்த கணம் அதுதான்.

வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாணவர்கள் குறைவு, அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. முன் இரண்டு வரிசையில் ஓய்வு பெற்றவர்கள்: பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், தபால் இலாகாக்காரர்கள். நல்ல கேள்விகள் அங்கிருந்துதான் வரும். மோசமான கேள்விகள் பெரும்பாலும் நடு வரிசையிலிருந்து. "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்பவர் இந்த நாட்டிலும் உண்டு என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

ஏறக்குறைய எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். தலைமை தாங்குபவர் ஐரிஷ் மொழியில் இரண்டு வாக்கியம் வரவேற்பு சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு வந்துவிடுவார். சடங்கு மாதிரி இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. அந்த இரண்டு வாக்கியம் இந்த வளாகத்துக்குள் வந்து சேர்ந்த கதை தெரிந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

டிரினிட்டி 1592இல் எலிசபெத் அரசியின் பட்டயத்தில் தொடங்கியது, அயர்லாந்தில் ஆங்கில ஆட்சியும் புராட்டஸ்டண்ட் மதமும் வேர் பிடிக்க வேண்டும் என்பதற்காக. மூன்று நூற்றாண்டு கழித்தும் அந்த வாசனை போகவில்லை. 1899இல் பள்ளிகளில் ஐரிஷ் மொழியை ஒரு பாடமாக வைக்கலாமா என்று அரசு விசாரணைக் குழு கேட்டபோது, வேண்டாம் என்று சாட்சி சொன்னவர்களில் இரண்டு பேர் இதே கல்லூரியின் பெரிய தலைகள். ஒருவர் ஜான் பென்ட்லண்ட் மஹாஃபி, ஆஸ்கர் வைல்டுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவர். இன்னொருவர் ராபர்ட் அட்கின்சன், சமஸ்கிருதப் பேராசிரியர். வேடிக்கை என்னவென்றால், அட்கின்சன் பழைய ஐரிஷ் ஏடுகளைத் தாமே பதிப்பித்தவர். ஏட்டில் இருக்கும் மொழி சரி, குழந்தைகள் வாயில் இருக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. எதிர்த்து வாதாடிய டக்ளஸ் ஹைடும் டிரினிட்டியில் படித்தவர்தான். 1938இல் அவர் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார்.

அட்கின்சனின் பெயரை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். எந்த ஊர், என்ன மொழி என்று விசாரித்தவர், தமிழ் என்றதும் "கிரியர்சன் தெரியுமா?" என்றார். பெயர் தெரியும். இந்திய மொழிகளை அளவெடுத்த அந்தப் பெரிய கணக்கெடுப்பை 1894 முதல் 1928 வரை நடத்தியவர், நான்காம் தொகுதியை முண்டா, திராவிட மொழிகளுக்கு ஒதுக்கியவர். அவர் டப்ளின்காரர், இதே கல்லூரியில் கணிதம் படித்தவர் என்பது தெரியாது. சமஸ்கிருதத்தில் அவருக்கு ருசி பிடிக்க வைத்தவர் அட்கின்சன். இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்தவர் மீர் அவ்லாத் அலி. 1861 முதல் 1898இல் இறக்கும்வரை டிரினிட்டியில் கீழை மொழிகள் கற்பித்தவர். டிரினிட்டிக்கு இந்திய மொழி எதற்கு என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "வேலைக்கும்மா. ஐ.சி.எஸ். பரீட்சை." 1855இலிருந்து இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு வந்தது, தன் பிள்ளைகளைத் தேர்ச்சிபெற வைக்கக் கல்லூரி வாத்தியார்களை நியமித்தது. அட, நம் ஊர் கோச்சிங் சென்டர்!

ஆக அட்கின்சன் என்ற ஒரே மனிதர், ஒரு கையால் கிரியர்சனை எங்கள் பக்கத்து மொழிகளை நோக்கித் தள்ளிவிட்டார். இன்னொரு கையால் தாம் வாழ்ந்த நாட்டின் மொழிக்குப் பள்ளிக் கதவைச் சாத்தப் பார்த்தார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை.

மஹாஃபி விஷயத்தில் அந்தக் குழப்பமே இல்லை. 1914 நவம்பரில் கல்லூரியின் ஐரிஷ் மொழிச் சங்கம் தாமஸ் டேவிஸின் நூற்றாண்டுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தது. டேவிஸ் தேசியக் கவிஞர், இதழாளர், டிரினிட்டியிலேயே படித்தவர். பேச வருகிறவர்களில் கவிஞர் யேட்ஸும் பாட்ரிக் பியர்ஸும் உண்டு. அப்போதுதான் கல்லூரித் தலைவராகியிருந்த மஹாஃபி கூட்டத்துக்குத் தடை போட்டார். காரணம் பியர்ஸ்: ஐரிஷ் இளைஞர்கள் பிரிட்டிஷ் படையில் சேரக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்த ஆள். தடையுத்தரவில் பியர்ஸ் என்று யாரோ ஒரு மனிதர் என்கிற தோரணையில் எழுதினார் மஹாஃபி. கூட்டம் நின்றுவிடவில்லை, கல்லூரிக்கு வெளியே, கிரேட் பிரன்ஸ்விக் தெருவில் இருந்த ஒரு கச்சேரி மண்டபத்தில் நடந்தது. ஒன்றரை வருடத்தில் பியர்ஸ் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து, தலைமைத் தபால் நிலையத்தின் முன் நின்று குடியரசுப் பிரகடனத்தைப் படித்தார், சில நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். டிரினிட்டியின் வடக்கு மதிலை ஒட்டி ஓடும் அந்தத் தெருவுக்கு இன்று பெயர் பியர்ஸ் தெரு. நான் வீட்டுக்கு ரயில் பிடிக்கும் நிலையம் பியர்ஸ் நிலையம். யாரோ ஒரு மனிதர்!

எம்மெட் அரங்கின் கதையும் இதற்குச் சொந்தக்காரக் கதைதான். 1798இல் புரட்சிச் சங்கத்தில் சேர்ந்த மாணவர்களைக் கண்டுபிடிக்கக் கல்லூரி ஒரு விசாரணை வைத்தது. எம்மெட்டின் படிப்பு அதோடு முடிந்தது. 1803இல் கிளர்ச்சி செய்து தூக்கிலிடப்பட்டார். மாணவர் விவாத மன்றத்தில் தீப்பொறி பறக்கப் பேசியவர் என்பார்கள். இன்று அவர் பெயர் எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு போய் நான் உட்கார்கிறேன். எதிர்ப்பக்க அரங்கு பர்க்குடையது, பிரெஞ்சுப் புரட்சி என்றாலே முகம் சுளித்தவர். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ். யாராவது வேண்டுமென்றே இப்படி வைத்தார்களா தெரியாது. வைத்திருந்தால் அவருக்கு என் வணக்கம்.

அந்த விவாத மன்றம் இன்றும் உண்டு. 'ஹிஸ்ட்' என்பார்கள், 1770இலிருந்து நடக்கிறது, அதற்கும் முன்னால் பர்க் மாணவராக இருந்தபோது தொடங்கிய சங்கத்தின் வாரிசு. போட்டி மன்றம் 'ஃபில்', தன் பிறப்பை 1680களுக்குக் கொண்டுபோகும். யார் மூத்தவர் என்ற சண்டை ஓயாது. டிராகுலா எழுதிய பிராம் ஸ்டோக்கர் இரண்டிலும் தலைமைப் பதவி வகித்தவர். தெரிந்த மாணவி ஒருத்தி அழைத்து நானும் ஒரு விவாதத்துக்குப் போனேன். போ டை கட்டிய பத்தொன்பது வயதுப் பையன்கள், குறுக்கே எழுந்து கேள்வி கேட்கும் பெண்கள், மேசையைத் தட்டும் கூட்டம். பாதி நாடகம். ரசித்தேன், ஆனால் ஞானம் எதுவும் கிடைத்ததாகச் சொல்ல மாட்டேன்.

இந்த மாலைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததிலேயே என்னை மிகவும் உறுத்தியது இனி வருவது. டிரினிட்டி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1904இல். அதற்கு முன் வருடக்கணக்கில் முட்டுக்கட்டை போட்டவர் தலைவர் ஜார்ஜ் சாமன், நல்ல கணித மேதை. என் பிணத்தைத் தாண்டித்தான் பெண்கள் உள்ளே வர முடியும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை. அவர் இறந்தது 1904 ஜனவரியில், பெண்கள் சேர்ந்தது அதே வருடம். பளிங்குச் சிலையாக இன்றும் வளாகத்தில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே மாணவிகள் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்கள். சேர்த்துக்கொண்ட உடனே டிரினிட்டி ஒரு நல்ல காரியமும் செய்தது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பெண்களைப் படிக்கவிட்டுப் பட்டம் மட்டும் தராமல் வைத்திருந்த காலம் அது. 1904 முதல் 1907 வரை அப்படிப் படித்து முடித்த ஏறத்தாழ 700 பெண்கள் நீராவிக் கப்பலேறி டப்ளினுக்கு வந்து டிரினிட்டியில் பட்டம் வாங்கிப் போனார்கள். 'நீராவிக் கப்பல் சீமாட்டிகள்' என்று அவர்களுக்குப் பெயர்.

இங்கேயே படித்த பெண்களின் நிலை? மாலை ஆறு மணிக்குள் வளாகத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும். பல பத்தாண்டுகள் இதுதான் விதி. சங்கக் கூட்டம், விவாதம், விருந்தினர் பேச்சு, கவிதை வாசிப்பு எல்லாம் நடப்பது ஆறு மணிக்கு மேல். வகுப்பில் உட்காரலாம், பரீட்சை எழுதலாம், தங்கப் பதக்கம்கூட வாங்கலாம். கல்லூரி கல்லூரியாக இருக்கும் நேரத்தில் மட்டும் இருக்க முடியாது. ஹிஸ்ட் மன்றம் பெண்களை உறுப்பினர்களாக ஏற்றது 1969இல். மனிதன் நிலவில் கால் வைத்த வருடம். ஊருக்கு வருகிறவர்களை ஆறு மணிக்கு மேல் போகச் சொல்வதில் எனக்கொரு சின்ன வன்மமும் உண்டு.

இதையெல்லாம் இன்றைய டிரினிட்டி மறைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 65 மீட்டர் நீளமான அந்தப் பழைய நூலகக் கூடத்தில் வரிசையாக நின்றவை அத்தனையும் ஆண்களின் மார்பளவுச் சிலைகள். 2023இல் நான்கு பெண்களின் சிலைகளைச் சேர்த்தார்கள்: ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், ஏடா லவ்லேஸ், அகஸ்டா கிரிகரி, மேரி உல்ஸ்டன்கிராஃப்ட். அதே ஆண்டு, தத்துவவாதி ஜார்ஜ் பார்க்லியின் பெயரை இன்னொரு நூலகக் கட்டடத்திலிருந்து எடுத்துவிட முடிவு செய்தார்கள். அவர் அமெரிக்காவில் இருந்தபோது அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர். புதிய பெயர் ஈவன் போலண்ட், இங்கே படித்து, இங்கே பாடமும் நடத்திய கவிஞர், 2020இல் இறந்தவர். இந்த வளாகத்தில் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கும் முதல் கட்டடம் அதுதான். பெயர்ப்பலகை மாற்றுவதெல்லாம் சுலபமான வேலை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. சுலபம்தான், இருந்தும் நானூறு வருடம் ஆனது.

இனி நகரத்தின் இன்னொரு பல்கலைக்கழகம், யூசிடி என்கிற யூனிவர்சிட்டி காலேஜ் டப்ளின். அதன் இன்றைய வளாகம் தெற்கே பெல்ஃபீல்டில், பேருந்தில் போக வேண்டிய தூரம். மாலைக் கூட்டத்துக்கு அவ்வளவு தூரம் போக எனக்குச் சோம்பல். ஆனால் அதன் தாய்வீடு செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவின் எதிரில் இருக்கிறது. நியூமன் இல்லம். 2019 முதல் அங்கே மோலி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அயர்லாந்து இலக்கிய அருங்காட்சியகம், யூசிடியும் தேசிய நூலகமும் சேர்ந்து நடத்துவது. ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிசிஸ் நாவலின் முதல் பதிப்பில் ஒன்றாம் எண் பிரதி அங்கேதான் கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்த நாவலைக் கொண்டாடும் ஜூன் 16 புளூம்ஸ்டே அன்று வைக்கோல் தொப்பிக்காரர்கள் கூட்டம் தாங்காது. வேறு நாளில் போங்கள்.

யூசிடியின் பூர்வகதை எனக்குப் பிடிக்கும். அந்தப் பல்கலைக்கழகம் பிறந்ததே ஒரு பொதுப் பேச்சில். கத்தோலிக்கர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் தொடங்க ஜான் ஹென்றி நியூமனை அழைத்து வந்தார்கள். 1852இல், கட்டடம், மாணவர், ஆசிரியர் எதுவும் வருவதற்கு முன்னால், பல்கலைக்கழகம் என்பது எதற்கு என்று அவர் டப்ளினில் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். பின்னால் புகழ்பெற்ற புத்தகமானது அதுதான். மாணவர்கள் வந்தது 1854இல். நிகழ்ச்சி முதலில், நிறுவனம் அப்புறம்!

ஆனால் அங்கேயும் மேடைக்கு ஒரு காவல்காரர் இருந்தார். 1900 ஜனவரி 20, அதே கட்டடத்தின் ஓர் அரங்கில் மாணவர் இலக்கியச் சங்கத்தில் 'நாடகமும் வாழ்க்கையும்' என்று ஒரு கட்டுரை வாசிப்பு. வாசித்தவர் ஜேம்ஸ் ஜாய்ஸ், பதினெட்டு முடிய இன்னும் இரண்டு வாரம். கட்டுரையை முன்கூட்டியே பார்த்த கல்லூரித் தலைவர், இயேசு சபைப் பாதிரியார், நாடகாசிரியர் இப்சனைத் தூக்கிப் பிடிக்கிறதே, ஒழுக்கத்துக்கு ஆகாதே என்று தடுத்தார். பையன் நேரே போய் வாதாடி அனுமதி வாங்கிவிட்டான். அடுத்த வருடம் கல்லூரிப் பத்திரிகை அவருடைய இன்னொரு கட்டுரையை மறுத்தது. அதே பத்திரிகை, பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குச் சம இடம் கேட்டு ஃபிரான்சிஸ் ஸ்கெஃபிங்டன் எழுதியதையும் மறுத்திருந்தது. இரண்டு பேரும் சொந்தக் காசில் ஒரு சிறு வெளியீடாக அச்சடித்துக் கையோடு விநியோகித்தார்கள். மறுக்கப்பட்ட இரண்டு கட்டுரைகள், ஒன்று கலைக்காக, ஒன்று பெண்களுக்காக, ஒரே அட்டைக்குள். தமிழ்ச் சிறுபத்திரிகைகளின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.

யூசிடியில் இன்னொரு புதையல், தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பு. 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 பள்ளிகளில் 50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, பாட்டி தாத்தாவிடமும் பக்கத்து வீட்டுக் கிழவரிடமும் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். பேய்க்கதை, கை வைத்தியம், பஞ்சத்தின் நினைவு, வெண்ணெய் கடைவது. சுமார் 7,40,000 பக்கம் சேர்ந்தது. இப்போது எல்லாம் இணையத்தில். கையெழுத்தைத் தட்டச்சு செய்து உதவுவது தன்னார்வலர்கள். இந்தத் தொகுப்பைப் பற்றி நடந்த ஒரு பேச்சில், எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா எழுந்து, தன் அக்கா எழுதிய பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்ததைச் சொன்னார். அக்கா எழுத்துப் பிழை விட்டிருக்கிறாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்குப் பேராசிரியர் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை.

சரி, போக நினைப்பவர்களுக்கு. டிரினிட்டி லாங் ரூம் ஹப்பின் இணையப் பக்கத்தில் நிகழ்ச்சிப் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் இலவசம், பெயர் மட்டும் பதிவு செய்ய வேண்டும். இடம் நிரம்பிவிட்டது என்று காட்டினாலும் போய்ப் பாருங்கள். இலவசமாகப் பதிவு செய்தவர்களில் பலர் மழையைப் பார்த்துவிட்டு வர மாட்டார்கள், இங்கே மழைக்குப் பஞ்சமில்லை. கூட்டங்கள் அதிகம் நடப்பது செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கல்ச்சர் நைட் வரும், அன்று ஊரில் பாதிக் கட்டடங்கள் ராத்திரியில் இலவசமாகத் திறந்திருக்கும். புத்தக வெளியீடு என்றால் முடிவில் ஒயின் கொடுப்பார்கள். குடிக்காதவர்களுக்கு ஆரஞ்சு ஜூஸ், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பேச்சு புரியுமா என்று கவலைப்படாதீர்கள். முன் வரிசைப் பெரியவர்களின் பக்கத்தில் போய் உட்காருங்கள்; புரியாததை அவர்களே கூட்டம் முடிந்ததும் சொல்லித் தருவார்கள், கேட்காமலே.